தனிஸ்லாஸ் வாயில் குடியிருந்த பாட்டு

தூத்துக்குடியில் கச்சான் காற்று ஓய்ந்து ஒரு வாரம் ஆகியிருந்த புதன்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, லயன்ஸ் டவுன் சலூன் நாற்காலியில் கன்னமெல்லாம் சோப்பு நுரையோடு சாய்ந்து கிடந்த தனிஸ்லாஸ் கொரைராவின் வாயிலிருந்து இமாகுலேட் வாஸ் பாடத் தொடங்கினாள். கழுத்தில் கத்தி வைத்திருந்த அருணகிரி, தும்மல் வந்த ஆளுக்குக் காத்திருப்பதுபோலக் கத்தியை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். பல்லவி முடிந்து முதல் சரணமும் முடிந்த இடத்தில், "இன்னும் இருக்காண்ணே, இல்ல மழிச்சிரலாமா?" என்று கேட்டார். தனிஸ்லாசால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டாவது சரணம் தொடங்கிவிட்டிருந்தது.

அதே நேரத்தில் ஆறு தெரு தள்ளி, மொட்டைமாடியில் ஈரத்துணி உதறிக்கொண்டிருந்த இமாகுலேட், தன் வாய் அசைவதையும் தொண்டை அதிர்வதையும் அடிவயிறு எக்குவதையும் உணர்ந்தாள். சத்தம் மட்டும் வரவில்லை. ஒரு நிமிடத்துக்கு முன்புதான் அவள் கீழே இறங்கிப்போய், தபால்காரர் நீட்டிய பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமலே ஜன்னல் கம்பியில் செருகிவிட்டு வந்திருந்தாள்.

அந்தத் தபாலை அனுப்பியவர் தனிஸ்லாஸ்தான். ஆறு வருடமாக அவர் அவளுக்கும் அவளோடு வாசிக்கும் மூன்று பேருக்கும் மேனேஜர். அதற்கு முன்னால் கொரைரா சவுண்ட் சர்வீஸ் என்று போர்டு மாட்டி, கல்யாண வீடுகளுக்கும் கோயில் கொடை விழாக்களுக்கும் மாதா கோயில் திருவிழாவுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் திரேஸ்புரத்தில் பழைய வலைக் குடோன் ஒன்றைக் கடந்துபோகும்போது உள்ளேயிருந்து வந்த இரைச்சலைக் கேட்டு, இந்த இரைச்சலுக்கு நடுவில் ஒரு குரல் நிமிர்ந்து நிற்கிறதே என்று சைக்கிளை நிறுத்தியவர். ஆனி ஆடியில் ஊரெல்லாம் மணலை வாரி வீசும் காற்றின் பெயரைத் தங்கள் ராக் குழுவுக்கு வைத்து 'கச்சான்' என்று சொல்லிக்கொண்ட அந்த நான்கு பேரை அவர்தான் மதுரைக்கும் கொச்சிக்கும் பெங்களூருக்கும் கூட்டிக்கொண்டு போனார். எந்தக் கல்லூரி மேடையில் எந்தப் பலகை ஆடும், எந்த ஊரில் எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நல்ல மேனேஜர் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு சென்னையிலிருந்து பளிங்கு மியூசிக் கம்பெனி வந்தது. கச்சானின் ஒன்பது பாட்டுகளையும் தங்களுக்கு எழுதிக் கொடுக்கும்படி கேட்டது. தனிஸ்லாஸ் அந்த நாலு பேரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், தன்னிடம் இப்போது உள்ளதும் இனி வந்து சேரப்போவதுமான சகல உரிமைகளையும் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து இமாகுலேட் ஒரு பல் டாக்டர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும்போது, டிவியில் ஒரு மெத்தை விளம்பரம் ஓடியது. அதில் அவளே பாடினாள்.

*கதவு இல்லாத வீடு ஒண்ணு கடலுக்குள்ள இருக்கு*
*அங்க நீ தூங்குத, இங்க நான் முழிச்சிருக்கேன்*

கடலுக்குப் போய்த் திரும்பாத தன் தம்பி ஜெனோவுக்காக அவள் எழுதிய பாட்டு அது. டிரம்ஸை எடுத்துவிட்டுப் புல்லாங்குழல் போட்டிருந்தார்கள். ஒரு அழகான பெண் மெத்தையில் புரண்டு சிரித்தாள். இமாகுலேட் பல்லைக் காட்டாமலே எழுந்து வந்துவிட்டாள்.

அன்றைக்கே நான்கு பேரும் தனிஸ்லாசை விட்டு விலகினார்கள். திருநெல்வேலி வக்கீல் பிரமநாயகியம்மாள் மூலம் நோட்டீஸ் அனுப்பினார்கள். தனிஸ்லாசுக்கு அவமானமாகவும், அதைவிடப் பயமாகவும் இருந்தது. கச்சான் போய்விட்டால் தான் மறுபடியும் வேப்பமரத்தில் ஏறிக் குழாய் கட்டுகிற ஆள்தான் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பயத்தில் பழைய ஒப்பந்தத்தை எடுத்துப் புரட்டினார். ஏழாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'பாடகி இனி எவ்விடத்தில், எந்நேரத்தில், எவ்விதமாகப் பாடினாலும் அப்பாட்டு முழுவதும் மேலாளரையே சேரும்.' அதை அப்படியே பதில் நோட்டீசில் எழுதி, இந்தத் தபால் கிடைத்த நிமிடத்திலிருந்து அமலுக்கு வருகிறது என்றும் சேர்த்து அனுப்பினார். எழுதிய எழுத்து பிசகாமல் அமலுக்கு வந்துவிட்டது.

பேச்சு அவரவரிடமே இருந்தது. பாட்டு மட்டும்தான் இடம் மாறியது. முணுமுணுப்பும் சேர்த்தி.

அன்று மத்தியானம் தபாலைப் பிரித்துப் படித்துவிட்டு இமாகுலேட் போன் செய்தாள். "எங்க இருக்கீங்கண்ணே?"

"பாங்க்ல. எதுக்கு?"

"ஒண்ணுமில்ல. உண்மைதானான்னு பாக்கணும்."

"இமா, வேண்டாம், வரிசையில நிக்கேன்..." என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய வாய் தானாகத் திறந்து, கச்சானின் பாட்டுகளிலேயே உரத்த பாட்டு, தொண்டை கிழிய வெளியே வந்தது. போனில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த இமாகுலேட் அந்தப் பக்கம் சத்தமில்லாமல் பாடினாள், பாடிக்கொண்டே அழுதாள். பாங்கில் கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெண் பாட்டு முடியும்வரை பொறுத்திருந்து, "டோக்கன் நம்பர் சொல்லுங்க சார்" என்றாள்.

ஊர் என்ன செய்யும்? முதல் இரண்டு நாள் பேசியது, மூன்றாம் நாளிலிருந்து பழகிக்கொண்டது. சாயந்தரம் நாலு மணிக்குக் கச்சான் குடோனில் ஒத்திகை பார்க்கிற வழக்கம் என்பதால், அந்த நேரத்துக்குத் தனிஸ்லாஸ் எங்கே இருப்பார் என்று விசாரித்துக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். குடோனில் கிட்டாரும் டிரம்சும் முழங்க இமாகுலேட் மௌனமாகப் பாடினாள், இவரோ பக்கவாத்தியம் எதுவுமின்றித் தனியாகப் பாடினார் என்பதால், டீக்கடைக்காரர் ஒருவர் குடோனில் இருந்த கிட்டார்க்காரன் நார்பெட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, போனைத் தனிஸ்லாசின் சட்டைப் பையில் செருகிவிட்டார். பாட்டு ஒன்று சேர்ந்தது. மீன் ஏலக்காரர்கள் அவரைக் கும்பிட்டு, ஏலம் முடிகிறவரை அந்தப் பக்கம் வரவேண்டாம், வந்தால் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றுவிடுகிறார்கள், மீன் வெயிலில் காய்கிறது என்றார்கள். தெருவாசி ஒருவர் இரைச்சல் என்று போலீசில் புகார் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் வந்து, பறிமுதல் செய்ய ஸ்பீக்கர் எதுவும் இல்லையே என்று தலையைச் சொறிந்துவிட்டு, இரண்டு பாட்டு கேட்டுவிட்டுப் போனார். ஒருமுறை தொண்டை கட்டிக்கொண்டபோது டாக்டர் தனிஸ்லாசின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்து, உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க எழுதிக் கொடுத்து, "நீங்க இல்ல, அந்தப் பொண்ணு கொப்பளிக்கணும். கரகரப்பு அவ தொண்டையில" என்றார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடகர் குழுவின் தலைவர் இரண்டு பேரையும் முன்வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்தார். அவள் வாயைத் திறக்க, இவர் வாயிலிருந்து வர, நடுவில் அந்த ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

தனிஸ்லாசின் மனைவி பிலோமி மட்டும் எதுவும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் உப்பு இருக்கு, உறைப்பு இல்லை என்பதைத் தவிர வேறு பேசாத ஒரு மனுஷனோடு இருந்தவள் அவள். ஒரு வாரம் கழித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "வீட்ல ஒரு ஆள் கூடுன மாதிரி இருக்கு. அந்தப் பிள்ள காலைல அஞ்சரைக்கே எந்திரிச்சிருது, பாத்தீங்களா?"

பார்த்திருந்தார். அதுதான் அவருடைய கஷ்டமாக இருந்தது. மேடையில் பாடும் ஒன்பது பாட்டை வைத்துத்தான் அவர் இமாகுலேட்டைத் தெரிந்து வைத்திருந்தார்; இப்போதோ அவள் அடுப்புப் பற்றவைக்கும்போது முணுமுணுப்பது, பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரே வரியைப் பத்துத் தடவை திருப்பித் திருப்பிப் பாடிப் பார்ப்பது, சந்தோஷத்தில் வார்த்தையே இல்லாமல் லலலா என்று இழுப்பது, தம்பி ஞாபகம் வரும்போது கடல் வீட்டுப் பாட்டை எடுத்துப் பாதியிலேயே விட்டுவிடுவது எல்லாம் அவர் வாய் வழியாகத்தான் போனது. கடலில் யாரையும் பறிகொடுக்காத அந்த மனுஷர், எட்டயபுரம் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்தப் பாதிப் பாட்டைப் பாடிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த கிழவர், "யாரு தம்பி போனது?" என்று கேட்டார். "எனக்கு இல்லைய்யா, இன்னொருத்தருக்கு" என்றார் தனிஸ்லாஸ். கிழவர் தலையாட்டினார்.

இந்தச் சமயத்தில்தான் பளிங்கு மியூசிக் கம்பெனி வழக்குப் போட்டது. தனிஸ்லாஸ் தனக்கு வந்து சேரப்போகிற உரிமைகளையும் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆகவே அவருடைய வாயில் வந்து சேர்ந்துள்ள பாட்டு கம்பெனியின் சொத்து. அதை அவர் தெருவில் நின்று எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். தடுக்க வேண்டும் என்று கேட்டது. கோர்ட்டும் இடைக்கால உத்தரவு போட்டது. கோர்ட் அமீனா வீட்டுக்கு வந்து, பிலோமி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, உத்தரவைச் சத்தமாகப் படித்தார்: வழக்கு முடியும்வரை, பாட்டு வரும்போதெல்லாம் பிரதிவாதி வாயை இறுக மூடி வைத்திருக்க வேண்டும்.

சட்டத்துக்குப் பயந்தவர் தனிஸ்லாஸ். மறுநாள் நாலு மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்து, துண்டை நாலாக மடித்து, வாயில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். பாட்டு வந்தது. வெளியே போக வழியில்லாமல் கன்னத்தை ஊதவைத்தது, காதுக்குள் இரைந்தது, பிறகு உள்ளே திரும்பி நெஞ்சில் இறங்கிச் சுருண்டு சுருண்டு பெருத்தது. கழுத்து நரம்பு கயிறுபோலப் புடைத்தது. சட்டையின் மேல் பொத்தான் தெறித்துச் சுவரில் பட்டது. பிலோமி ஓடிவருவதற்கும் போன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. அவள் எடுத்தாள். அந்தப் பக்கம் நார்பெட் அலறினான்.

"யக்கா, அண்ணன வாயைத் தொறக்கச் சொல்லுங்க! இமா மூச்சு விட முடியாம விழுந்துட்டா! மூஞ்சி நீலமாப் போச்சு!"

பிலோமி போனை வீசிவிட்டுத் துண்டைப் பிடித்து இழுத்தாள். அடைபட்டுக் கிடந்ததெல்லாம் ஒரே ஒரு நீண்ட குரலாக வெளியே வந்து, தெருவில் நின்ற ஆட்டோக்களின் கண்ணாடிகளை அதிரவைத்து அடங்கியது. தனிஸ்லாஸ் எழுந்து, தெறித்த பொத்தானோடு, செருப்புப் போடாமல் குடோனுக்கு ஓடினார்.

இமாகுலேட் வலைக் குவியல்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். யாரோ முகத்தில் தண்ணீர் அடித்திருந்தார்கள். தனிஸ்லாஸ் மூச்சிரைக்க அவள் முன்னால் போய் நின்றார்.

"தெரிஞ்சு செய்யல, இமா."

"ஏழாம் பக்கம் தெரிஞ்சுதானே எழுதுனீங்க?"

"அத நான் எழுதல. டைப் அடிக்கிற இடத்துல ஏதோ பழைய பாரத்தைப் பாத்து அடிச்சது."

"கையெழுத்துப் போடும்போது படிச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு அவளுடையதாகவே இருந்தது, அவள் வாயிலிருந்தே வந்தது. "இப்பவாவது உண்மையச் சொன்னீங்களே."

"கேஸ் முடியுற வரைக்கும் கொஞ்சம் பாடாம இருந்துக்கயேன். எனக்காக இல்ல, உன் உசுருக்கு."

"இருக்க முடிஞ்சா இருக்க மாட்டேனாண்ணே? அரிசி களையும்போதே வந்துருது. வந்த பொறவுதான் பாடுதோம்னே தெரியுது."

அது அவருக்கும் தெரியும். அவளைவிட நன்றாகத் தெரியும்.

அடுத்த நாள் காலையில் அவர் திருநெல்வேலிக்கு பஸ் ஏறி, எதிர்த்தரப்பு வக்கீலான பிரமநாயகியம்மாளின் வீட்டுக்கே போய் நின்றார். எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். அறுபது வயது தாண்டிய அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"நீங்க குடுக்க முடியாது கொரைரா. உங்ககிட்ட இருந்ததையெல்லாம்தான் பளிங்குக்கு எழுதிக் குடுத்தாச்சே. இப்ப நீங்க வெறும் வாய்."

"அப்ப என்ன செய்ய?"

"வாயைத் தொறந்து வச்சிருங்க. உத்தரவ மீறுன குத்தம் வரும், அத நான் பாத்துக்கிடுதேன். அந்தப் பிள்ளைக்கு மூச்சு முக்கியம். விசாரணை அன்னைக்கு கேக்குறதுக்கெல்லாம் உள்ளத உள்ளபடி சொல்லுங்க. வேற எதுவும் செய்ய வேண்டாம்."

விசாரணை நாளில் கோர்ட்டில் நிற்க இடமில்லை. பளிங்குக்காகச் சென்னையிலிருந்து பெரிய வக்கீலும், வினீத் என்ற இளம் அதிகாரியும் வந்திருந்தார்கள். நீதிபதி மெலிந்த மனிதர். மிகவும் மெதுவாகப் பேசுவார் என்பதால் அவர் வாயைத் திறந்தாலே அத்தனை பேரும் முன்னால் குனிந்தார்கள். முதலில் விஷயத்தைக் காதால் கேட்டுவிடலாம் என்று அவர் சொல்ல, பெஞ்சில் இருந்த இமாகுலேட் எழுந்து நின்று பாடினாள், கூண்டில் நின்ற தனிஸ்லாஸ் வாயிலிருந்து பாட்டு வந்தது. டைப் அடிக்கத் தொடங்கிய எழுத்தரைப் பார்த்து, "பாட்டுக்குக் குறிப்பு வேண்டாம்" என்றார் நீதிபதி.

பெரிய வக்கீல் தனிஸ்லாசை நெருங்கினார். "இந்தக் குரல் உங்களிடம் வந்தபிறகு ஊரில் உங்களுக்கு நல்ல மரியாதை. கூட்டம் கூடுகிறது. டீ இலவசம். கோயிலில் முன்வரிசை. மறுக்கிறீர்களா?"

"இல்லைய்யா. உண்மைதான்."

"அப்படியென்றால், எங்கள் சொத்தை வைத்து நீங்கள் சுகம் அனுபவிக்கிறீர்கள்."

தனிஸ்லாஸ் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தாள்.

"சுகம்னா எப்படிச் சொல்லயா. காலைல அஞ்சரைக்கு அவ எந்திரிச்சா எனக்கும் முழிப்பு வந்துரும். பல்லு தேய்க்கும்போது வாய்ல நுரையோட பாடுவேன். சோறு தின்னுக்கிட்டு இருக்கும்போது அவளுக்குப் புதுசா ஒரு மெட்டுத் தோணும், எனக்கு வாய்ல இருக்க சோறு வெளிய வந்துரும். எங்க பெரியம்மா செத்த வீட்ல, பொட்டியத் தூக்குற நேரத்துல, அவளுக்கு அங்க என்ன சந்தோஷமோ, லலலான்னு ஒரு பாட்டு. பெரியம்மா மக்க இன்னும் என்கூடப் பேசல. அதக்கூடத் தாங்கிக்கிடலாம். ஆனா அந்தத் தம்பி பாட்டு இருக்கே, மெத்தைக்கு நீங்க போட்டது, அத அவ பூராவும் பாடவே மாட்டா. பாதியில நிறுத்திருவா. மிச்சப் பாதி உள்ளயே நிக்கும். அத என்ன செய்யன்னு எனக்குத் தெரியாது, ஏன்னா அது என்னோடது இல்ல. அவ வாய் வழியா வந்திருந்தா அவளுக்கு எறங்கியிருக்கும். எனக்கு எறங்க மாட்டேங்கு. இத யாரு எடுத்துக்கிட்டாலும் சரிய்யா, எடுத்துக்கிடுங்க. ஆனா எடுத்துக்கிடுதவங்க இதத் தெரிஞ்சுக்கிட்டு எடுத்துக்கிடணும்."

வினீத் தன் டையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டான். இமாகுலேட் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

நீதிபதி வெகுநேரம் காகிதங்களைப் புரட்டினார். பிறகு பேசினார், எல்லாரும் குனிந்தார்கள். "கம்பெனி கேட்பது காகிதப்படி சரி. எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். யாருடைய வாயில் எடுத்துக்கொள்கிறீர்கள்?"

பெரிய வக்கீல் விழித்தார். "கம்பெனியின் பெயரில்தான்..."

"கம்பெனிக்கு வாய் இல்லை. இருந்திருந்தால் பாட்டு அன்றைக்கே அங்கே போயிருக்கும். அது இல்லாததால்தான் இவரிடம் தங்கிவிட்டது."

"சட்டத்தின் பார்வையில் கம்பெனியும் ஓர் ஆள்தானே?"

"ஆள்தான். அந்த ஆளின் கையெழுத்தை இயக்குநர்கள் போடுகிறார்கள். பாட்டையும் அவர்களில் ஒருவர் பாடட்டும். ஒரு பெயர் கொடுங்கள், மத்தியானம் உத்தரவு போட்டு மாற்றிவிடுகிறேன்."

பிரமநாயகியம்மாள் எழுந்தாள். "ஐயா, ஒரு விண்ணப்பம். அந்த ஒன்பது பாட்டும் இதே குரலில் பாடியதுதான். பாட்டு வேண்டும், வாய் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. எடுத்தால் இரண்டையும் எடுக்க வேண்டும், விட்டால் இரண்டையும் விட வேண்டும்."

"நியாயம்" என்றார் நீதிபதி. மூன்று மணிக்கு ஒத்திவைத்துவிட்டு எழுந்துபோனார்.

கோர்ட் வராந்தாவில் வினீத் போனைக் காதில் வைத்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். யாரும் ஒட்டுக்கேட்கவில்லை, வராந்தாவில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

"ஆமா சார், பல் தேய்க்கும்போதும் வருமாம்... இல்ல சார், ஆஃப் பண்ண வழியில்லையாம்... ஆமா, போர்டு மீட்டிங்லயும் வரும்... டிரைவர் வாயில வைக்க முடியாது சார், நான் கேட்டேன், டைரக்டர்தான் வேணுமாம்... பொம்பளக் குரல்தான் சார்... சரி சார், மேடத்துகிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க."

மூன்று இயக்குநர்கள் இருந்தார்கள். ஒருவருக்குத் தொண்டையில் ஏற்கெனவே கோளாறு. ஒருவருடைய மனைவி சம்மதிக்கவில்லை. மூன்றாமவர் முழுவதும் கேட்டுவிட்டு லைனைத் துண்டித்து, பிறகு எடுக்கவேயில்லை. வினீத் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். பக்கத்தில் தனிஸ்லாஸ் இருந்தார். பிலோமி கட்டிக் கொடுத்த இட்லியில் இரண்டை எடுத்து அவனிடம் நீட்டினார். அவன் வாங்கிச் சாப்பிட்டான்.

மூன்று மணிக்குக் கம்பெனி ஒரு பக்க மனுத் தாக்கல் செய்தது: ஒன்பது பாட்டுகள் மீதும் அவற்றைப் பாடிய குரல் மீதும் தங்களுக்குள்ள உரிமையை வலியுறுத்தவில்லை, மெத்தை விளம்பரம் நிறுத்தப்படும். நீதிபதி கையெழுத்துப் போட்டுவிட்டு, வாயை மூடாத குற்றத்துக்குத் தனிஸ்லாசை எச்சரித்ததோடு விட்டார். "அடுத்த வழக்கு" என்றார்.

வெளியே பத்திரம் எழுதுகிறவரின் தகர மேசையில், ஏழாம் பக்கத்தை ரத்து செய்கிற காகிதம் தயாரானது. தனிஸ்லாஸ் இந்தத் தடவை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். அவர் கையெழுத்துப் போட்டார். இமாகுலேட் போட்டாள். சுற்றி நின்ற கூட்டம் அவள் வாயையே பார்த்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பாடு இமா" என்றான் நார்பெட்.

"இன்னைக்கு வேண்டாம்."

"ஏன்?"

"பயமா இருக்கு. இங்க வராம, அங்கயும் போகாமப் போயிருந்தா?"

யாரும் வற்புறுத்தவில்லை. கிளம்பும்போது அவள் தனிஸ்லாசிடம் வந்து நின்றாள். "இனி நீங்க எங்களுக்கு மேனேஜர் இல்லண்ணே."

"தெரியும்."

"ஆனா ஸ்பீக்கர் உங்ககிட்டதான் எடுப்போம். உங்கள மாதிரி யாரும் கட்ட மாட்டாங்க."

அவர் கையிலிருந்த காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு மூன்று நாள் ஊரில் அந்தப் பாட்டு எங்கும் கேட்கவில்லை. தனிஸ்லாஸ் சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாக எடுத்து, எப்போது வந்துவிடுமோ என்று பார்த்துப் பார்த்து விழுங்கினார். காலை ஐந்தரைக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடந்தார். அவள் வேண்டுமென்றே அடக்கிக்கொண்டிருக்கிறாள், அரிசி களைகிற நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தபோது பாட்டு இருந்ததைவிட அதிகமாக அவருக்கு நெஞ்சு கனத்தது. "போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள் பிலோமி. "நான் போனா இன்னும் பயப்படுவா" என்றார் அவர்.

நான்காம் நாள் ஒரு கல்யாண வீட்டுக்காக அவர் தெருவில் நின்று வயர் சுற்றிக்கொண்டிருந்தார். நாலு மணி ஆகியிருந்தது. திரேஸ்புரம் பக்கமிருந்து டிரம்ஸ் கேட்டது, பிறகு கிட்டார். அவர் வயரைக் கீழே வைத்துவிட்டு, வாயைச் சற்றே திறந்து, வருகிறதா என்று நின்றார். வரவில்லை. பிறகு வந்தது, ஆனால் தூரத்திலிருந்து, காற்றில், கூரைகளுக்கு மேலாக, வேறு ஓர் ஆளின் குரலாக வந்தது.

அவர் நடந்தார். பிலோமியும் கதவைச் சாத்திவிட்டு அவர் பின்னால் வந்தாள். தெருவில் இன்னும் சிலரும் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தார்கள். குடோனின் பின்சுவரோரம், வெயிலில், அவர் நின்று கேட்டார். இத்தனை நாள் அவர் வாய் வழியாகப் போன குரல்தான். ஆனால் உள்ளிருந்து கேட்டபோது அது வெறும் அதிர்வாகவும் சூடாகவும் மட்டுமே இருந்தது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அவள் குரல் லேசாக உடைந்து, உடைந்த இடத்திலேயே நிமிர்ந்துகொள்கிறது என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. அவள் கடல் வீட்டுப் பாட்டை எடுத்தாள். பாதி வந்தது. தனிஸ்லாஸ் பிலோமியின் கையைப் பிடித்தார். அவள் நிறுத்தவில்லை. மிச்சப் பாதியையும், டிரம்ஸ் இடிக்க இடிக்க, கடைசி வார்த்தைவரை பாடி முடித்தாள்.

"நல்லாத்தான் பாடுதா" என்றாள் பிலோமி.

தனிஸ்லாஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மாதக்கணக்கில் வராத ஒரு கொட்டாவி வந்தது. தாடை கழன்றுவிடும் போல, கண்ணில் நீர் முட்ட, தெருவில் போன ஒரு நாய்கூட நின்று திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அகலமாக வாயைத் திறந்து அவர் கொட்டாவி விட்டார்; அதிலிருந்து கொஞ்சம் காற்றைத் தவிர வேறு எதுவும் வரவில்லை.